எந்த அரபு? வேலைக்காக மொழி கற்பவர் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி

2006 டிசம்பரில் வெளியான அமெரிக்க இராக் ஆய்வுக் குழுவின் அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. பாக்தாத் தூதரகத்தில் அப்போது பணியாற்றியவர்கள் சுமார் 1,000 பேர். அவர்களில் அரபு தெரிந்தவர்கள் 33 பேர். சரளமாகப் பேசத் தெரிந்தவர்கள் 6 பேர். படையெடுப்பு நடந்து மூன்றரை ஆண்டுகள் கடந்த பிறகும் இதுதான் நிலை. பணத்துக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லாத ஓர் அரசு, ஒரு நாட்டையே நிர்வகிக்கப் புறப்பட்டுவிட்டு, அந்த நாட்டு மக்களோடு பேச ஆள் கிடைக்காமல் திண்டாடியது.

இத்தனைக்கும் எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. 2001 செப்டம்பர் தாக்குதல்களை விசாரித்த ஆணையம், 2002இல் அமெரிக்கக் கல்லூரிகள் அனைத்தும் சேர்ந்து அரபு மொழியில் வழங்கிய இளநிலைப் பட்டங்கள் ஆறே ஆறு என்று பதிவு செய்தது. அதையடுத்த ஆண்டுகளில் வகுப்புகள் நிரம்பின. 2002இல் 10,500 அளவில் இருந்த மாணவர் சேர்க்கை 2009இல் 35,000ஐத் தாண்டியது. ஆனால் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தொடக்கநிலை வகுப்புகளில் இருந்தவர்கள். எழுத்துகளைக் கற்று, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தெரிந்து, செய்தித்தாளின் தலைப்பைத் தட்டுத்தடுமாறி வாசிக்கும் நிலைக்கும், ஒரு ஒப்பந்தத்தைப் படித்து அதிலுள்ள சிக்கலைச் சுட்டிக்காட்டும் நிலைக்கும் நடுவே பல ஆண்டுகள் இருக்கின்றன.

எத்தனை ஆண்டுகள் என்பதற்கும் ஒரு மதிப்பீடு உண்டு. தன் தூதர்களுக்கு மொழி கற்பிக்கும் அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சிக் கழகம், ஆங்கிலம் பேசுவோர் ஸ்பானிஷில் தொழில்முறைத் தேர்ச்சி பெற 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் போதும் என்கிறது. அரபு மொழிக்கு அது சொல்லும் கணக்கு 2,200 மணி நேரம், அதாவது 88 வாரங்கள். சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவையும் இதே வரிசையில் நிற்கின்றன. இந்தக் கணக்கு சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரமும் படிப்பை மட்டுமே பார்ப்பவர்களுக்கானது. சிறிய வகுப்பு, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், அதற்கு மேல் தினமும் வீட்டுப்பாடம். வாரம் இரண்டு மணி நேர மாலை வகுப்புக்குப் போகிறவர் இதே 2,200 மணியை எட்ட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 'ஆறே மாதத்தில் அலுவலக அரபு' என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வைத்திருப்பது நல்லது.

ஏன் இவ்வளவு காலம்? எழுத்துமுறையைக் குறை சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல, 28 எழுத்துகளைச் சில வாரங்களில் பழகிவிடலாம். காலத்தை உண்மையில் விழுங்குவது வேறொன்று: அரபு கற்கிறேன் என்று சொல்பவர் குறைந்தது இரண்டு மொழி வடிவங்களைக் கற்க வேண்டியிருக்கிறது. பல வகுப்புகள் இதை மாணவரிடம் தொடக்கத்திலேயே சொல்வதில்லை.

இரண்டு வழக்குகள், பல மையங்கள்

அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒரே சமூகம் எழுத்துக்கும் மேடைக்கும் ஒரு வடிவத்தையும் வீட்டுக்கும் தெருவுக்கும் வேறொரு வடிவத்தையும் வைத்துக்கொள்ளும் நிலையை விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட நான்கு எடுத்துக்காட்டுகளில் ஒன்று அரபு. மற்றவை கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்த்தி கிரியோல். தமிழில் இதை இரட்டை வழக்கு என்கிறோம். 'இருக்கிறது' என்று எழுதிவிட்டு 'இருக்கு' என்று பேசும் நமக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. ஆங்கிலமோ பிரெஞ்சோ தாய்மொழியாகக் கொண்ட மாணவர் இந்த இடத்தில் திகைத்து நிற்பார்; தமிழ் பேசுபவர் தலையசைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகலாம்.

ஆனால் ஒற்றுமை ஒரு கட்டத்துக்கு மேல் உதவாது. எழுத்து வடிவமான ஃபுஸ்ஹா மொராக்கோவிலிருந்து ஓமான் வரை ஏறக்குறைய ஒன்றுதான். அரபு லீக்கின் 22 நாடுகளில் பெரும்பாலானவற்றில் அரசிதழ், செய்தி அறிக்கை, பாடநூல், தீர்ப்பு எல்லாம் அதில்தான். பேச்சு வழக்குகள் அப்படி இல்லை. எகிப்திய வழக்கு, சிரியா, லெபனான், ஜோர்டான், பாலஸ்தீனம் சேர்ந்த ஷாமிய வழக்கு, இராக்கிய வழக்கு, வளைகுடா வழக்கு, வட ஆப்பிரிக்காவின் மக்ரிப் வழக்கு என்று பெருங்குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் மேலும் கிளைக்கின்றன. அல்ஜீரியக் கிராமத்தவர் இயல்பாகப் பேசினால் குவைத்துக்காரர் திணறுவார். இவற்றுள் எதுவும் மற்றவற்றுக்குப் பொது வழக்கு என்ற தகுதியைப் பெறவில்லை. திரைப்படமும் தொலைக்காட்சித் தொடர்களும் எகிப்திய வழக்கையும் பிறகு சிரிய வழக்கையும் எல்லாருடைய காதுக்கும் கொண்டுபோயின, அவ்வளவுதான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு சரிவு இருக்கிறது. எகிப்திய மொழியியலாளர் அஸ்-ஸயீத் பதவி 1973இல் எகிப்தில் மட்டுமே ஐந்து படிநிலைகளைப் பிரித்துக் காட்டினார்: மரபான செம்மொழி, தற்கால எழுத்துமொழி, படித்தவர் பேச்சு, அடிப்படைக் கல்வி உள்ளோர் பேச்சு, எழுத்தறியாதோர் பேச்சு. ஒரே ஆள் ஒரே உரையாடலில் இவற்றில் ஏறியும் இறங்கியும் பேசுவார். தொலைக்காட்சி விவாதத்தில் அமைச்சர் ஃபுஸ்ஹாவில் தொடங்குவார். கோபம் வந்ததும் வீட்டுப் பேச்சுக்கு இறங்குவார். புள்ளிவிவரம் சொல்லும்போது மீண்டும் மேலேறுவார். தொழில்முறையில் அரபு பயன்படுத்த வருபவருக்கு மிகவும் வேண்டியது நடுவில் இருக்கும் இந்தப் படித்தவர் பேச்சுதான். அதற்கென்று எழுதப்பட்ட இலக்கணம் இல்லை. இரு முனைகளையும் ஓரளவு அறிந்தவருக்கே அது வசப்படும்.

இதைப் புறக்கணித்ததால் வரும் விளைவை எந்த அரபு நகரத்திலும் பார்க்கலாம். நான்கு ஆண்டு ஃபுஸ்ஹா படித்த பட்டதாரி வாடகைக் காரில் ஏறி வழி சொன்னால் ஓட்டுநர் புரிந்துகொள்வார், அனேகமாகச் சிரிக்கவும் செய்வார். சிக்கல் அதன் பிறகுதான்: ஓட்டுநர் சொல்லும் பதில் பட்டதாரிக்குப் புரியாது.

எந்த வேலைக்கு எது

ஆகவே வேலைக்காகக் கற்பவர் பாடநூலையும் செயலியையும் தேடுவதற்கு முன்னால், தன் வேலைநாளில் அரபு எந்த வழியாக உள்ளே வரும் என்று பார்க்க வேண்டும்: காது வழியாகவா, கண் வழியாகவா? பதில் சொல்ல வேண்டுமா, புரிந்துகொண்டால் போதுமா? யாரிடம் பேச வேண்டும்?

ஐக்கிய நாடுகள் சபையை எடுத்துக்கொள்வோம். 1973 டிசம்பர் 18 அன்று பொதுச்சபை அரபு மொழியை அலுவல் மொழியாக ஏற்றது. அந்த நாளைத்தான் 2012 முதல் யுனெஸ்கோ உலக அரபு மொழி நாளாகக் கொண்டாடுகிறது. அங்கு ஒரு கூட்டத்துக்கு 14 உரைபெயர்ப்பாளர்கள் அமர்கிறார்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ரஷ்ய அறைகளில் இருவர் இருவராக இருக்க, அரபு, சீன அறைகளில் மட்டும் மும்மூன்று பேர். காரணம், மற்ற அறைகளில் உள்ளவர்கள் தங்கள் மொழிக்குள் மட்டும் பெயர்க்கிறார்கள். அரபு அறையினர் அரபு மொழிக்குள்ளும் பெயர்க்க வேண்டும். அரபுப் பேச்சை ஆங்கிலத்துக்கோ பிரெஞ்சுக்கோ கொண்டுபோகவும் வேண்டும். இந்த வேலையில் பேச்சு வழக்குக்குச் சிறிதளவே இடம் உண்டு. ஃபுஸ்ஹாவில் வேற்றுமை விகுதிகள் பிசகாமல் பேசும் திறன்தான் சோறு போடும்.

மருத்துவமனையில் நிலைமை தலைகீழ். டமாஸ்கஸ் பல்கலைக்கழகம் 1919 முதல் மருத்துவத்தை அரபு மொழியிலேயே கற்பிக்கிறது; ஆனால் அது விதிவிலக்கு. பெரும்பாலான அரபு நாடுகளில் மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ நடக்கிறது. ஆக மருத்துவரும் மருத்துவரும் பேசிக்கொள்ள வெளிநாட்டவருக்கு அரபு தேவைப்படுவதே இல்லை. தேவைப்படுவது நோயாளியிடம், அதிலும் மூதாட்டிகளிடமும் குழந்தைகளிடமும். அவர்கள் ஃபுஸ்ஹா பேசுவதில்லை. வலிக்கிறது என்பதற்குப் பாடநூல் 'யூலிமுனீ' என்று கற்றுத்தரும். எகிப்திய நோயாளி வேறொரு வேரிலிருந்து 'பியிவ்கஅனி' என்பார். வளைகுடாக்காரர் 'யிஅவ்வர்னி' என்பார். மொராக்கோவில் இன்னொரு வினை. உடலுறுப்புகளின் பெயர்கள், நோய்ப்பெயர்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்த செவிலியர், 'நேற்று ராத்திரியிலிருந்து இங்கே ஏதோ பிடித்து இழுக்கிற மாதிரி' என்ற ஒரு வாக்கியத்தில் தடுமாறி நிற்பார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. 'தனி நோக்கங்களுக்கான அரபு' என்ற பெயரில் வங்கி அரபு, மருத்துவ அரபு, சுற்றுலா அரபு என்று பாடத்திட்டங்கள் பெருகியிருக்கின்றன. அவற்றில் பல, துறைச்சொற்களின் பட்டியலைச் சுற்றியே கட்டப்பட்டவை. என் கணிப்பில் துறைச்சொற்கள்தான் இந்த மொழியில் எளிதான பகுதி. அவை எண்ணிக்கையில் குறைவு, பொருள் மாறாதவை, தேவைப்பட்டால் அகராதியைத் திறக்கலாம். ஒரு பொறியாளருக்கு வால்வு என்பதற்கான சொல் இரண்டாம் நாளே வந்துவிடும். 'அவர்கள் மாற்றியிருந்தால் நமக்குச் சொல்லியிருப்பார்களே' என்பதுபோன்ற, எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத வாக்கியம்தான் ஆண்டுக்கணக்கில் பிடிகொடுக்காது. அடித்தளம் இல்லாமல் துறைப்பாடத்துக்குத் தாவுபவர் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்கிறார். பதிலைப் பிடிக்கும் திறன் அவருக்கு வருவதில்லை.

சட்டத்துறை ஃபுஸ்ஹாவின் கோட்டை. சவுதி அரேபியாவின் 2005ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் 9ஆவது பிரிவு, பணி ஒப்பந்தங்களும் பதிவேடுகளும் அரபு மொழியில் இருக்க வேண்டும் என்றும், பிறமொழி வடிவம் உடனிருந்தால் அரபு வாசகமே செல்லும் என்றும் சொல்கிறது. வலப்பக்கம் அரபு, இடப்பக்கம் ஆங்கிலம் என்று இரண்டு பத்தியாக அச்சிட்ட ஒப்பந்தத்தில் ஆங்கிலத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்திடுபவர், சட்டத்தின் பார்வையில் எடுபடாத பாதியைத்தான் படித்திருக்கிறார். துபாயின் நிதி மையத்துக்கு ஆங்கிலத்தில் இயங்கும் தனி நீதிமன்றங்கள் உண்டு. அபுதாபி 2019இல் தொழிலாளர் வழக்குகளுக்காக இந்தியையும் நீதிமன்ற மொழிகளில் சேர்த்தது. இவை விலக்குகள், பொது நீதிமன்றங்களின் மொழி அரபுதான். எனவே வளைகுடாவில் வேலை பார்க்கும் கணக்காளருக்கும் மனிதவள அலுவலருக்கும் அரபு பேசத் தெரிவதைக் காட்டிலும் வாசிக்கத் தெரிவது அதிகம் பயன்படும். இந்த உண்மைக்கு நேர்மாறாகத்தான் அங்கு பெரும்பாலோர் கற்கிறார்கள்.

அவர்கள் கற்பது என்ன? கட்டுமானத் தளத்திலும் கடையிலும் வீட்டுவேலையிலும் அரேபியரும் தெற்காசியரும் சேர்ந்து உருவாக்கிய ஒரு கலவை மொழி. மொழியியலாளர்கள் இதை வளைகுடாவின் 'பிட்ஜின்' அரபு என்று வகைப்படுத்தி ஆராய்கிறார்கள். வினை எந்த ஆளுக்கும் மாறாது. பால் வேறுபாடு கிடையாது. 'ஃபீ', 'மாஃபீ' என்ற இரண்டு சொற்கள் இருக்கிறது, இல்லை, செய்கிறேன், செய்யவில்லை என்று எல்லாப் பாரத்தையும் சுமக்கும். அங்கே சில மாதங்கள் இருந்தவர் எவரும் 'மாஃபீ முஷ்கில்' சொல்லாமல் திரும்பியதில்லை. இதை மட்டமாகப் பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. லட்சக்கணக்கானோர் வகுப்பறை இல்லாமல் உருவாக்கிக்கொண்ட, வேலை நடத்தித் தரும் கருவி அது. அதன் கெடுதி வேறு இடத்தில் இருக்கிறது: அரேபியர்களே வெளிநாட்டவரிடம் அந்த வடிவத்துக்கு இறங்கிவிடுவதால், இருபது ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தவருக்கும் உண்மையான வளைகுடாப் பேச்சு காதில் விழாமலே போய்விடுகிறது. மேலாளர் பதவிக்கு வர நினைப்பவர் இந்தப் பழக்கத்தைத் தெரிந்தே உடைத்தாக வேண்டும்.

அகதி விண்ணப்பங்களைக் கையாளும் அலுவலகங்களில் பேச்சு வழக்கே சான்றாகிவிடுகிறது. ஜெர்மனியின் குடியேற்றத் துறை 2017 முதல் விண்ணப்பதாரரின் குரல் பதிவிலிருந்து அவரது அரபு வழக்கைக் கணிக்கும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. சிரியர் என்று சொல்பவர் உண்மையில் சிரியரா என்று அறிய அது ஒரு குறிப்பாகக் கொள்ளப்படுகிறது. எல்லையோர மக்களின் பேச்சு எல்லைக்கோட்டை மதிப்பதில்லை என்பதை அறிந்த உரைபெயர்ப்பாளர் இத்தகைய அறையில் இருப்பதும் இல்லாததும் ஒருவரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கலாம்.

எழுதப்படாத உயிர், குழப்பும் எண்

வாசிப்புக்கு வருவோம். அரபு எழுத்தில் குறில் உயிர்கள் எழுதப்படுவதில்லை. பாடநூலிலும் குர்ஆனிலும் குறியீடுகளாக மேலும் கீழும் இடப்படும் அவை செய்தித்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் இருக்காது. வாசிப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். 'கதல' என்றால் கொன்றான். 'குதில' என்றால் கொல்லப்பட்டான். எழுத்தில் இரண்டும் ஒன்றே. மோதல் செய்தியை மொழிபெயர்க்கும் செய்தியாளர் இந்த வேறுபாட்டை வாக்கிய அமைப்பிலிருந்துதான் பிரித்தெடுக்க வேண்டும். இலக்கணத்தை அலங்காரம் என்று நினைத்து ஒதுக்குபவர்களுக்கு இந்த ஓர் இடம் போதும்.

சுமையாகத் தெரிகிற வேர்முறை, அதாவது ஒரே வேரிலிருந்து பல சொற்கள் கிளைப்பது, உண்மையில் தொழில்முறைக் கற்போருக்குக் கிடைக்கும் பெரிய சலுகை. ஐன், மீம், லாம் என்ற மூன்று மெய்கள் சேர்ந்த வேரை மட்டும் பாருங்கள். அமல் என்பது வேலை, ஆமில் தொழிலாளி, மஅமல் ஆய்வுக்கூடம், முஆமலா பரிவர்த்தனை, இஸ்திஅமால் பயன்பாடு, அமலிய்யா செயல்பாடு, அறுவை சிகிச்சையும் அதுவே, உம்லா நாணயம், அமீல் வங்கியில் வாடிக்கையாளர், அரசியலில் அந்நியக் கைக்கூலி. ஓர் அலுவலகத்தின் பாதிச் சொற்களை ஒரே வேர் கொடுத்துவிடுகிறது. வேரை வார்த்தெடுக்கும் வினை அச்சுகள் பத்துப் பன்னிரண்டுதான். அவை பழகிவிட்டால், இதுவரை பார்த்திராத சொல்லின் பொருளையும் ஓரளவு ஊகிக்கலாம். தமிழ் வாசகருக்கு இன்னொரு சிறு ஆறுதல்: 'அமலுக்கு வந்தது' என்று நாம் எழுதும் அமல் இதுவேதான். பாரசீகம், உருது வழியாக வந்து தங்கிய வக்கீல், அசல், நகல், வசூல், பாக்கி, ஜாமீன், வாரிசு என்று நம் நீதிமன்றத் தமிழிலும் வருவாய்த்துறைத் தமிழிலும் அரபு வேர்கள் நிறைய உண்டு. பொருள் சற்று நகர்ந்திருக்கும், எனவே கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது; ஆனால் மனத்தில் மாட்டிவைக்க ஆணி கிடைக்கிறது.

எண்களைப் பற்றி வகுப்புகள் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் நீண்டநாள் குறை. பணமும் மருந்தளவும் தேதியும் எண்களில்தான் இருக்கின்றன. முதலில் வடிவம். எகிப்து முதல் இராக் வரையிலான கிழக்குப் பகுதியில் பயன்படும் இலக்கங்களில் பூச்சியம் ஒரு புள்ளி. ஐந்து என்பது வட்டம், நம் கண்ணுக்குப் பூச்சியமாகத் தெரியும். ஆறு நம் ஏழைப் போல இருக்கும். மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியாவில் நமக்குப் பழகிய இலக்கங்களே புழங்குகின்றன. வரி வலமிருந்து இடமாக ஓடும். அதன் நடுவே எண் மட்டும் இடமிருந்து வலமாக எழுதப்படும். பேசும்போது 25 என்பது 'ஐந்தும் இருபதும்'. தொலைபேசியில் யாரோ தொகை சொல்லச் சொல்ல எழுதிக்கொள்பவர், பத்தாமிடத்தைக் காலியாக விட்டு ஒன்றாமிடத்தை முதலில் எழுதக் கை பழகாதவரை தவறிக்கொண்டே இருப்பார். இலக்கணத்திலோ மூன்று முதல் பத்து வரையிலான எண்கள் ஆண்பால் பெயருக்குப் பெண்பால் வடிவத்தையும், பெண்பால் பெயருக்கு ஆண்பால் வடிவத்தையும் எடுக்கின்றன. தாய்மொழியாளர்களே இதில் சறுக்குவதால் வெளிநாட்டவர் அதிகம் கூச்சப்பட வேண்டியதில்லை.

மாதப்பெயர்கள் தனிக்கதை. எகிப்திலும் வளைகுடாவிலும் ஜனவரி என்பது யனாயிர். சிரியாவிலும் இராக்கிலும் அது கானூன் அஸ்ஸானீ. துனிசியாவிலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சிலிருந்து வந்த ஜான்ஃபீ. 1973இல் இஸ்ரேலோடு நடந்த அதே போரை எகிப்தியர் அக்டோபர் போர் என்றும் சிரியர் தஷ்ரீன் போர் என்றும் அழைக்கிறார்கள். இதற்கு மேல் ஹிஜ்ரி என்ற இஸ்லாமியச் சந்திர நாட்காட்டி இருக்கிறது; சவுதி அரேபியா அரசு ஊழியர் சம்பளத்தைக் கிரெகொரிய மாதக் கணக்குக்கு மாற்றியதே 2016இல்தான். ஒப்பந்தத்தில் 'ஓராண்டு' என்று மட்டும் இருந்தால் எந்த ஆண்டு என்று கேட்பது புத்திசாலித்தனம். சந்திர ஆண்டு சுமார் 11 நாட்கள் குறைவு.

கடித மரபையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். அலுவலகக் கடிதம் முகமனோடு தொடங்கி 'வ பஅத்' என்ற சொல்லுக்குப் பிறகுதான் விஷயத்துக்குள் நுழையும். முடிவில் 'எங்கள் உயர்ந்த மதிப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்ற பொருளில் ஒரு நிலையான வாக்கியம். அமைச்சருக்கு 'மஆலீ', தூதருக்கும் உயரதிகாரிகளுக்கும் 'ஸஆதா', இளவரசருக்கு 'ஸுமுவ்'. இந்த அடைமொழியில் பிழை நேர்ந்தால் உள்ளே எழுதிய விஷயம் எவ்வளவு சரியாக இருந்தாலும் முதல் வரியிலேயே மதிப்பு போய்விடும். எகிப்தில் மூத்தவரையும் வாடிக்கையாளரையும் 'ஹத்ரிதக்' என்று விளிப்பார்கள். 'இந்த' என்ற வெறும் 'நீ' சில இடங்களில் முரட்டுத்தனமாக ஒலிக்கும். நல்லவேளையாக இவை ஒரு பக்கத்தில் அடங்கும் விஷயங்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பள்ளிகள் கற்றுக்கொண்ட பாடம்

வேலைக்காக அரபு கற்பிக்கும் நிறுவனங்களின் வரலாறு பெரும்பாலும் அரசுகளின் தேவையிலிருந்து பிறந்தது. பிரிட்டன் 1944இல் எருசலேமில் தொடங்கிய மத்திய கிழக்கு அரபு ஆய்வு மையம், 1947இல் லெபனானின் ஷெம்லான் கிராமத்துக்கு நகர்ந்து, உள்நாட்டுப் போரின் நடுவே 1978இல் மூடப்பட்டது. தூதர்களும் எண்ணெய் நிறுவனத்தாரும் வங்கியாளர்களும் அங்கே படித்தார்கள். லெபனானியர்கள் அதை ஒற்றர் பள்ளி என்றே அழைத்தார்கள்; சோவியத் உளவாளியாக அம்பலப்பட்ட ஜார்ஜ் பிளேக் 1961இல் கைதானபோது அங்கே மாணவராகத்தான் இருந்தார் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பள்ளி அரபு எழுத்துமொழியிலிருந்து தெரிவு செய்த சொற்களுக்கென்று தனிப் பட்டியலைத் தயாரித்துப் பதிப்பித்தது. எது அடிக்கடி வருகிறதோ அதை முதலில் கற்பது என்ற அணுகுமுறை இன்று சாதாரணமாகத் தெரிகிறது. அந்தக் காலத்தில் செம்மொழி இலக்கணமும் பழங்கவிதையும்தான் பல்கலைக்கழகங்களின் நுழைவாயிலாக இருந்தன.

கெய்ரோவில் 1967இல் தொடங்கிய அமெரிக்கப் பட்டதாரிகளுக்கான உயர்நிலைப் பயிற்சித் திட்டம், எகிப்திய வழக்கையும் ஃபுஸ்ஹாவையும் ஒருங்கே கற்பித்தது. ஆனால் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் 'முதலில் ஃபுஸ்ஹா, வழக்கெல்லாம் அங்கே போனபின் பார்த்துக்கொள்ளலாம்' என்ற கொள்கையில் நின்றன. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் பாடநூல் ஒன்றின் முதல் பாடத்திலேயே 'ஐக்கிய நாடுகள்' என்ற சொல்லை மாணவர்கள் கற்றுவிடுவார்கள். உப்பு எங்கே என்று கேட்கத் தெரியாது என்பது அவர்களிடையே பழைய நகைச்சுவை. அந்த நூலின் பிந்தைய பதிப்புகள் எகிப்திய, ஷாமிய வழக்குகளைத் தொடக்கத்திலிருந்தே இணைத்தன. தாய்மொழியாளர்கள் இரண்டையும் கலந்தே வாழ்கிறார்கள், கற்போரும் அப்படியே பழகட்டும் என்பது இந்தத் தரப்பின் வாதம். குழப்பும், எதிலும் நிலைக்காது என்பது எதிர்த்தரப்பின் அச்சம். அச்சத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தும், வேலைக்காகக் கற்பவர் ஏதோ ஒரு நாளில் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியிருப்பதால், இணைத்துக் கற்பதே மேல் என்பது என் சார்பு. கோப்பைத் தவிர எதையும் தொடாத சட்ட மொழிபெயர்ப்பாளர் போன்ற சிலருக்கு மட்டுமே ஃபுஸ்ஹா தனியாகப் போதும்.

எங்கே போய்க் கற்பது என்பதை அரசியல் தீர்மானிக்கிறது. சிரியாவின் டமாஸ்கஸும் யேமனின் ஸனாவும் ஒரு காலத்தில் மாணவர்களின் விருப்ப நகரங்கள். 2011க்குப் பிறகு அந்தக் கதவுகள் சாத்தப்பட்டன. எகிப்திலும் நிலைமை குலைந்தபோது 2013இல் அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரி தன் மாணவர்களை அலெக்சாந்திரியாவிலிருந்து ஜோர்டானின் அம்மானுக்கு மாற்றியது. இன்று இளம் தூதர்களிலும் செய்தியாளர்களிலும் பலர் ஜோர்டானிய உச்சரிப்போடு பேசுவதற்கு மொழியியல் காரணம் எதுவும் இல்லை. பாதுகாப்பாகத் திறந்திருந்த நகரம் அதுதான்.

மொழிபெயர்ப்பு மென்பொருள் வந்த பிறகு இந்தப் பாடெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. ஃபுஸ்ஹாவில் எழுதிய செய்தியை இன்றைய கருவிகள் நன்றாகவே பெயர்க்கின்றன. ஒரு கடிதம் எதைப் பற்றியது என்று அறிய ஆள் தேவையில்லை. பேச்சு வழக்கில் எழுதப்பட்டதில்தான் அவை இடறியிருக்கின்றன. 2017 அக்டோபரில் மேற்குக் கரையில் ஒரு பாலஸ்தீனத் தொழிலாளி, வேலையிடத்தில் புல்டோசர் அருகே நின்று எடுத்த படத்தோடு காலை வணக்கம் கூறி ஃபேஸ்புக்கில் பதிவிட்டார். தானியங்கி மொழிபெயர்ப்பு அதை எபிரேயத்தில் 'அவர்களைத் தாக்கு' என்று காட்டியது. இஸ்ரேலியப் போலீஸ் அவரைக் கைது செய்து, சில மணி நேரம் கழித்துப் பிழை தெரிந்தபின் விடுவித்தது. கைதுக்கு முன்னால் அரபு அறிந்த அதிகாரி யாரும் அந்தப் பதிவைப் படிக்கவில்லை என்று அப்போது செய்தி வந்தது. கருவி வந்ததால் மாறியிருப்பது கற்பவரின் வேலைதான்: முழுவதையும் பெயர்ப்பதற்குப் பதிலாக, எந்த வரி சந்தேகத்துக்குரியது என்று காட்டுவது. அதற்கு முன்பைவிடக் குறைவான மொழியறிவு போதாது. குறுஞ்செய்திகளில் இளைஞர்கள் அரபு ஒலிகளை ரோமன் எழுத்திலும் இடையிடையே 3, 7 போன்ற இலக்கங்களிலும் எழுதுகிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் நடக்கும் வியாபாரப் பேச்சிலும் அந்த வடிவம் வரலாம்.

ஓர் ஆண்டு அவகாசமும் தினமும் இரண்டு மணி நேரமும் உள்ள ஒருவருக்கு என்ன சாத்தியம்? சுமார் 700 மணி நேரம். முழுத் தேர்ச்சிக்கான கணக்கில் மூன்றில் ஒரு பங்கு. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தால் எதுவும் கைவராது. காதுவழி வேலை என்றால் எழுத்தையும் உயிர்க்குறிகளோடு வாசிப்பதையும் முதல் இரண்டு மாதங்களில் முடித்துவிட்டு, எந்த நாட்டில் வேலையோ அந்த நாட்டு வழக்கில் ஒரு துணையோடு தினமும் பேசுவது; நாடு முடிவாகவில்லை என்றால் எகிப்திய வழக்கையோ ஷாமிய வழக்கையோ எடுத்துக்கொள்வது, ஏனென்றால் மற்ற நாட்டவரும் அவற்றைப் புரிந்துகொள்வார்கள். கண்வழி வேலை என்றால் வேர்முறை, வினை அச்சுகள், செயப்பாட்டு வினை ஆகியவற்றில் நேரத்தைக் கொட்டி, தன் துறையின் உண்மையான ஆவணங்களை நான்காம் மாதத்திலிருந்தே கையில் எடுப்பது. இரண்டு வழியிலும் எண்களுக்கும் தேதிகளுக்கும் வாரம் ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குவது. ஆசிரியரைத் தேடும்போது அவர் எந்த ஊர்க்காரர், பாடத்தில் எந்த வழக்கைப் பேசுவார் என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். 'எல்லா அரபும் ஒன்றுதான்' என்று பதில் சொன்னால் அடுத்தவரைப் பார்க்கலாம்.